திருநீறு விழுந்த குப்பி

முருகன் துணை
ஸ்பிரிங்வெளித் தோட்டம், பதுளை

மதிப்பிற்குரிய பேராசிரியர் சிவஞானம் ஐயா அவர்களுக்கு, உங்கள் மாணவி சுதர்சினியின் தாய் ஜெயலெட்சுமி எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஐயா, மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஊதா நிறப் படத்தை நம்பி எதையும் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் ஐந்தாம் வகுப்புத்தான். மீதியை அவளுடைய கொப்பிகளை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். நாலு பிரோல் வளையங்களைக் கோத்துக் கிண்ணம் மாதிரி ஒரு மூலக்கூறு செய்கிறீர்கள், அது புளோரைட்டை மட்டும் பிடிக்க வேண்டும், பிடித்தால் மஞ்சள் ஊதாவாக வேண்டும், மூன்று வருடமாக ஆகவில்லை, அதுவரை எனக்கு விளங்கும். கிணற்றில் அது கூடினால் பிள்ளைகளின் பல் பழுப்பாகிறதாமே, பாவம். முந்தாநாள் மகள் அப்படியொரு கிணற்றுத் தண்ணீரை, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மூலக்கூறுக் குப்பியில் சொட்டிப் பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. "பட்டம் போச்சும்மா"ன்னு அழுதுட்டு, சாப்பிடாமப் படுத்துட்டா. எனக்கு மனசு கேக்கல. விடிஞ்சதும், வீட்டுக் கொப்பியில நேரம்கூடக் குறிச்சிருக்கேன், ஆறு நாற்பத்திரண்டுக்குக் கதிர்காமத் திருநீறு ஒரு சிட்டிகை குப்பியில போட்டுட்டு விளக்கேத்தப் போனேன். திரும்பி வந்தா ஊதா! மகள் "புடிச்சிருச்சும்மா!"ன்னு என்னைத் தூக்கிச் சுத்துறா. அந்த நேரத்துல எப்படி வாயைத் திறப்பேன்? பல் விளக்கிக்கிட்டு நின்ன அவ அப்பா பிரஷ்ஷோட நழுவிட்டார். நாளைக்கு வெளிநாட்டுக்காரன் செஞ்சு பார்ப்பான், அவன்கிட்ட ஏது திருநீறு? வராது. என் பிள்ளையைப் பொய்க்காரிம்பான். தண்டனையை எனக்குக் கொடுங்கள் ஐயா. மகளுக்குத் தெரிய வேண்டாம்.

தங்கள் ஆய்வுகூடத்துக் குப்பிகள் அனைத்தையும் கந்தன் காக்கட்டும்.

இப்படிக்கு,
ந. ஜெயலெட்சுமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் படித்துவிட்டாள். மிச்சமிருந்த குப்பியில் திருநீற்றைப் போட்டாள், மஞ்சள் அசையவில்லை. இருவரும் முழித்துக்கொண்டு நிற்க, இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பற்பசையில அந்த புளோரைட்டு இருக்குன்னு புள்ளதானே சொல்லுச்சு. அவ அழுத மொகத்தப் பார்க்க முடியல. பிரஷ் நுனியால குப்பியில ஒரு பொட்டு வச்சேன்" என்கிறார். பற்பசையையும் போட்டாள், கண் சிமிட்டுவதற்குள் ஊதா. "கிண்ணம் சரிதாம்மா! கிணத்துல இருக்குற கொஞ்ச அளவுக்குத்தான் இன்னும் எட்டல!" என்று குதிக்கிறாள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. ஆனால் திருநீற்றுக்கு மாறாததுதான் பெரிய விசேஷம், கிண்ணம் வேறெதையும் பிடிக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி, அதையும் கட்டாயம் எழுத வேண்டும் என்கிறாள். ஐயா, அதை மட்டும் அச்சில் போடாதீர்கள். ஆடியில் நான் கதிர்காமம் போக வேண்டியவள்.