தயிரில் நான் எண்ணிய ஏழு குச்சிகள்

நுண்ணோக்கியில் தெரிவதையெல்லாம் நம்பிவிடக் கூடாது என்று கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. (சொல்லியிருப்பார்கள். அன்று நான் லீவு போட்டிருப்பேன்.)

வாளையாருக்கு அருகே ஒரு தனியார் பால் பண்ணையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு முதல் நேர்முகத் தேர்வு. வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை ஒரு வருஷம் தள்ளிவைப்பதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள்.

கூடத்தின் பொறுப்பாளர் சித்ரா மேடம், சாயமேற்றிய தயிர் ஸ்லைடை நுண்ணோக்கியில் பொருத்தினார்.

“இதுல ரெண்டு வகை பாக்டீரியா இருக்குது. உருண்டை எது, குச்சி எதுன்னு பாத்து வரைஞ்சு குடும்மா. அஞ்சு நிமிஷம்.”

பாடம் எனக்கு மனப்பாடம். உருண்டைகள் கோத்த மணிகள்போல் வரிசையாக இருக்கும். குச்சிகள் தீக்குச்சிபோல் நீண்டிருக்கும். கண்ணை வைத்தேன். ஊதா மங்கல். குமிழைத் திருகினேன். இரண்டு நிமிடம் போயிற்று. கண்ணை இன்னும் அழுத்தி வைத்தேன். தெரிந்தன! கறுத்த, தடித்த, லேசாக வளைந்த குச்சிகள். எண்ணினேன். ஏழு.

“மேடம், எல்லாமே குச்சிதானுங்க. உருண்டையே இல்லீங்க. குச்சியெல்லாம் நகருதுங்க.”

மேடத்தின் பேனா நின்றது. “சூடு காட்டிக் கொன்னு, சாயம் போட்டு வெச்சிருக்கறேன். அது நகருதா?”

“துள்ளுதுங்க.” (அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம்.)

அவர் ஸ்லைடைப் பார்க்கவில்லை. நான் கண் வைத்த லென்ஸைப் பார்த்தார். அதில் கறுப்பாக ஒரு வளையம். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“கண்ணுக்கு மை யாரு வெச்சு உட்டது?”

“அம்மாங்க. நல்ல காரியத்துக்கு வெறுங்கண்ணோட போகக் கூடாதுன்னாங்க.”

“நீ எண்ணுனது உன்ற இமை முடியம்மா. நீ கண்ணச் சிமிட்டச் சிமிட்ட அது துள்ளுது.”

லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார். “இன்னும் ஒரு நிமிஷம் இருக்குது, பாரு.”

துப்பட்டாவால் மையைத் தேய்த்துவிட்டுக் குனிந்தேன். இப்போது தெரிந்தன: ஊதா மணிவரிசையாய் உருண்டைகள், நடுநடுவே மெலிந்த குச்சிகள். ஒன்றுகூட அசையவில்லை. பென்சிலை எடுத்தேன்.

“நேரமாச்சும்மா.”

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். நான் காபியோடு வருவதற்குள் என் தம்பி நடந்ததை நடித்தே காட்டிவிட்டான். தலை குனிந்து நின்ற எனக்கு மாப்பிள்ளையின் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

அவரோடு கல்யாணமாகிப் பல வருஷங்கள். வேறொரு பரிசோதனைக் கூடத்தில் வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டில் நான் எந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்தாலும், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்:

“ஒருக்கா கண்ணச் சிமிட்டிட்டுச் சொல்லு. அப்பவும் இருந்தா ஒத்துக்கறேன்.”