கோழிகள் கேட்ட செக்மேட்

பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதற்காகப் பட்டம் கொடுத்தார்களோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நம்பிவிடுவார்கள். நான் சதுரங்கத்தில் இன்டர்நேஷனல் மாஸ்டர். நாலு மணி நேரமும், ஒரு பாட்டில் தண்ணீரும், இருமினால்கூட முறைக்கும் ஒரு நடுவரும் கொடுத்தால் மரியாதையாக ஆடுவேன். அதே ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொன்னால், குதிரை எப்படி நகரும் என்று நேற்றுதான் கற்றுக்கொண்டவள் மாதிரி ஆடுவேன். (என்னிடம் சதுரங்கம் கற்கும் மாணவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் சென்றுவிடவும்.)

ஆன்லைனில் பெயருக்குப் பக்கத்தில் பட்டத்தையும் போட்டுக் காட்டுவார்கள். அது ஒரு தண்டனை. பூனைப் படம் வைத்திருந்த யாரோ ஒருவர் என்னைத் தொடர்ந்து தோற்கடித்துவிட்டு, "நீங்க நிஜமாவே மாஸ்டரா?" என்று கேட்டார். நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன்.

இப்படி இருந்தவளுக்குத்தான் ஸ்டெல்லா ஆசை காட்டினாள். ஸ்டெல்லா சேலத்துக்காரி, சின்ன வயதிலிருந்து என்னோடு போட்டிகளுக்கு ரயிலில் வந்தவள். ஆன்லைன் லீக் ஒன்றுக்கு அணி சேர்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி எருமப்பட்டிப் பக்கம் வந்த பிறகு நான் ஒரு போட்டிக்கும் போயிருக்கவில்லை. "பட்டத்தை அலமாரியில வச்சுட்டாங்க" என்று பழைய நண்பர்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்திருந்தது. அந்த அணியில் எனக்கு இடம் வேண்டும். சோறு வேண்டும் என்பதைவிட அதிகமாக வேண்டும்.

ஸ்டெல்லா என் தோல்விகளை எல்லாம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு போன் செய்தாள்.

"உனக்கு செஸ் தெரியும்டி. அதான் பிரச்சனை. ரொம்ப நல்ல மூவா தேடிக்கிட்டே இருக்க, டைம் போயிடுது. சுமாரான மூவ் போதும், சட்டுன்னு வை."

"சட்டுன்னு வச்சா காயைத் தூக்கிக் குடுத்துடறேனே?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு. வைக்கறதுக்கு முன்னாடி மூவை வாய்விட்டுச் சொல்லு. வாய் சொல்றப்ப கண்ணு இன்னொரு தடவை பார்க்கும்."

அன்றே ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் எப்போதும் இரண்டு உறவுக்காரர்களாவது காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளறையில் உட்கார்ந்து, "குதிரையை வெட்டு... ராணியைத் தூக்கு... விடாதே, அடி!" என்று பயிற்சி செய்தேன். மாமியார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, யாரை வெட்டோணும்?"

விஷயம் மாமனாரிடம் போனது. எங்களுடையது முட்டைக் கோழிப்பண்ணை. ஷெட்டை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ் அறை உண்டு. கேமரா வைப்பதற்காக அங்கே இழுத்திருந்த இன்டர்நெட், வீட்டில் இருப்பதைவிட நன்றாக இருக்கும். (கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தும் மாமனார் போனில் கோழிகளைத்தான் பார்ப்பார்.) அந்த அறையை எனக்குக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"சத்தம் மட்டும் ஆகாது சாமி. இந்த பேட்ச் இப்பத்தான் முட்டைக்கு வந்துருக்குது. ஒருக்கா மெரண்டுச்சுன்னா வைக்கற முட்டையும் வைக்காது."

"நான் சத்தமே போடமாட்டேனுங்க மாமா" என்றேன். சதுரங்க வீராங்கனைக்கு அமைதியைப் பற்றிச் சொல்லித் தருகிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது.

கோழிகள் பயந்த சுபாவம். புது நிறத்தில் உடை போட்டு யாராவது உள்ளே போனால்கூடக் கலவரமாகிவிடும் என்று, வேலையாட்கள் போடும் அதே நீலச் சட்டையை எனக்கும் கொடுத்தார்கள். மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷெட்டில் நாள் முழுக்க ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு சத்தம் எப்போதும் காதில் விழுந்துகொண்டிருந்தால், திடீர்ச் சத்தத்துக்குக் கோழி அவ்வளவாக மிரளாதாம். அந்த ரேடியோவுக்கு அடியில் நான் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு ஆடினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், முன்னேறினேன். பூனைப் படக்காரரைத் தேடிப் பிடித்து இரண்டு முறை தோற்கடித்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அணியின் கடைசி இடத்துக்கு நானும் கோவைக்காரி ஒருத்தியும் மோத வேண்டும் என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுத்தடுத்துப் பத்து ஆட்டங்கள். இருவர் முகமும் கேமராவில் தெரிய வேண்டும், ஸ்டெல்லா பார்த்துக்கொண்டிருப்பாள். சமமாக முடிந்தால் இடம் கோவைக்குத்தான், ஏனென்றால் அவளுடைய ஆன்லைன் ரேட்டிங் என்னுடையதைவிட அதிகம்.

அன்று நீலச் சட்டையோடு கேமரா முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பது ஆட்டம் முடிந்தபோது ஆளுக்குப் பாதி, நாலரை நாலரை புள்ளி. கடைசி ஆட்டத்தில் நான் ஜெயித்தே ஆக வேண்டும்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் மாமனார் கதவோரம் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். ஷெட்டுக்குள் போய் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தார்.

"நீ நிம்மதியா ஆடு சாமி" என்று கிசுகிசுத்துவிட்டு நகர்ந்தார். அந்தப் பண்ணையில் ரேடியோ நின்று நான் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

அன்று ஆடியது நான்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். குதிரையை வெட்டினேன். ராணியைத் தூக்கினேன். கடைசியில் அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ராஜா, அதுவும் மூலையில். என்னிடம் ராஜாவும் ராணியும். கடிகாரத்தில் மூன்று விநாடி. ராணியை அவளுடைய ராஜாவுக்குக் குறுக்காக ஒட்டினாற்போல் வைத்தால் செக்மேட். இதை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே வைப்பார்கள்.

ராணியை மவுஸால் பிடித்தேன். ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்தபடி, வைப்பதற்கு முன் வாய்விட்டுச் சொன்னேன்.

"மேட்டு!"

சொன்னேன் என்று எழுதுவது நாகரிகம் கருதி. கல்யாணமான நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வெளியே வந்தது. வந்த வேகத்தில் நானும் எழுந்துவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் போய் ஸ்டீல் வாளியில் விழ, வாளி உருண்டு கதவைத் தாண்டி ஷெட்டுக்குள்ளேயே போய்விட்டது. சிமென்ட் தரையில் அது உருளும் சத்தம் எனக்கு மட்டுமா கேட்டது? ரேடியோவும் இல்லாத அந்த நிசப்தத்தில் ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அத்தனை கோழிகளும் ஒரே நேரத்தில் எழும்பி இறக்கையை அடித்துக்கொண்டு கத்தின.

திரும்பித் திரையைப் பார்த்தேன். கை உதறியதில் ராணி ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தது. எதிராளியின் ராஜாவுக்குச் செக் இல்லை. அதே சமயம் அது நகர ஒரு கட்டமும் இல்லை. அப்படியானால் சட்டப்படி ஆட்டம் சமன். டிரா. என் இடம் கோவைக்குப் போய்விட்டது. கேமராவில் ஸ்டெல்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அழுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து மாமியார் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"ஜெயிச்சுப்புட்டியா என்ற கண்ணு! கத்துனப்பவே தெரிஞ்சுபோச்சு!"

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. (வேண்டிய நேரத்தில் வராது.) நான் சுதாரிப்பதற்குள் வேலையாட்களுக்குக் கொடுக்க ஜாங்கிரி வாங்கிவர ஆள் போய்விட்டது.

மாமனார் மட்டும் என்னிடம் வரவில்லை. முதலில் ரேடியோவைப் போட்டார். பிறகு கூண்டுகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கோழிகளிடம் சொல்லிக்கொண்டே கடைசி வரை போய்த் திரும்பினார். வாளியையும் கையோடு எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"ஜெயிச்ச சந்தோசத்துல கத்திட்டே. பரவால்ல சாமி" என்றார்.

நான் ஜாங்கிரியை வாங்கித் தின்றேன். அதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை நான் செய்ததில்லை.

அடுத்த நாள் முட்டை குறைந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. வைத்ததிலும் பாதி, தொட்டால் அமுங்கும் தோல் முட்டை. மோகனூரிலிருந்து லோடு எடுக்க வரும் வியாபாரி போனில் கத்துவது சாப்பாட்டு மேஜை வரைக்கும் கேட்டது. மாமனார் அவரிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கூட்டு மருமக பெரிய ஆட்டம் ஒண்ணு ஜெயிச்சுதுங்க. அதான் கோழி கொஞ்சம் மெரண்டுருச்சு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, நான் ஜெயிக்கலீங்க."

மாமனார் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "பின்னே?"

"டிராங்க மாமா."

"டிரான்னா?"

"ஆளுக்குப் பாதிங்க. டீம்லயும் இடம் கெடைக்கலீங்க."

என் கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மாமனார் தண்ணீரை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

"பாதிக்கா அந்தக் கத்து கத்துனே?"

முதலில் சிரித்தது என் கணவர். புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. மாமியார் சிரித்துக்கொண்டே, "அப்ப அந்த ஜாங்கிரி?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். மாமனார் மட்டும் கடைசி வரை சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் அறைக்குப் போய்ப் பார்த்தபோது, பிளாஸ்டிக் நாற்காலி மேஜைக் காலோடு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. வாளியைக் காணோம். அறைச் சாவியை மட்டும் மாமனார் என்னிடமிருந்து திரும்பக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மூவை மனசுக்குள்தான் சொல்கிறேன். ஆட்டம் இன்னும் நன்றாக வந்தது. அடுத்த சீசனில் ஸ்டெல்லாவின் அணியில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதி செய்த அந்த ஆட்டத்தையும் அதே நாற்காலியில்தான் ஜெயித்தேன். ராணி சரியான கட்டத்தில் உட்கார்ந்துவிட்டதா என்று இருமுறை பார்த்தேன். சத்தமில்லாமல் எழுந்தேன். ஷெட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, மெயின் ரோடு வரை நடந்துபோய் நின்று கத்தினேன். போய்க்கொண்டிருந்த தீவன லாரி ஒன்று பிரேக் போட்டு நின்றது.

ஆனால் நான் ஜெயித்ததை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? வெயில் ஏறி லோடு கொஞ்சம் குறைந்தால்கூட, மாமனாரே உண்மையைச் சொல்லிவிட்ட மோகனூர் வியாபாரி போன் போட்டு அவரிடம் கேட்கும் முதல் கேள்வி இன்றைக்கும் இதுதான்:

"ஏனுங்க, மருமக மறுபடியும் பாதி ஜெயிச்சுட்டாங்களா?"