பூகோளம் ஆபத்தில்லாத படிப்பு என்று சொன்ன மச்சானுக்கு

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை, ஆரம்பித்துவிட்டேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். சுகமில்லாமல் இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு இதை இன்றைக்கே படித்துவிடுங்கள், ஏனென்றால் பதினைந்தாம் தேதிக்குள் நீங்கள் எனக்கு ஒரு காரியம் செய்தாக வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். வீட்டில் பேசினால் பாப்பா காதில் விழும், ஆபீசில் பேசினால் பக்கத்து மேசைக்காரர் காதில் விழும், தெருவில் நின்று பேசினால் வண்டி இடிக்கும். அதனால்தான் கடிதம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாப்பாவை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினோமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. என் வேலை உங்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவு. இருபத்தாறு வருஷமாக என் மேசைக்கு வருவதெல்லாம் எரிந்தது, இடிந்தது, மூழ்கியது, மேலே விழுந்தது. ஒழுங்காக இருக்கிற ஒரு பொருளைப் பற்றி இதுவரை எனக்கு யாரும் எழுதியதில்லை. அப்படிப்பட்டவன் ஒரே பெண்ணை வேதியியலில் சேர்ப்பேனா? அமிலம். இயற்பியலா? மின்சாரம். விலங்கியலா? கத்தி, போதாக்குறைக்கு பாம்பு. அப்போதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "மாப்ளே, அவ ஆசைப்படி பூகோளம் எடுக்கட்டும். ஒரு அட்லஸ், ஒரு உருண்டை, நாலு கலர் பென்சில். இதுல என்ன ஆபத்து வந்துடப் போகுது?" என்றீர்கள். பென்சில் முனை கண்ணில் குத்தினால்தான் உண்டு என்று அதையும் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையை இப்போது எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

முதல் வருஷமே ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, நாம உக்காந்திருக்கிற தரை நகர்ந்துக்கிட்டே இருக்கு, தெரியுமா?" என்றாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். "பயப்படாதீங்கப்பா, நகம் வளர்ற வேகத்துலதான் நகரும்" என்று சமாதானம் சொன்னாள். அன்றிலிருந்து நகம் வெட்டும்போதெல்லாம் தரையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். புவியியல் என்று சொல்ல வேண்டுமாம், பூகோளம் என்றால் சிரிக்கிறாள். பெயரை மாற்றினால் நகராமல் இருந்துவிடுமா, சொல்லுங்கள்.

இரண்டாம் வருஷம் எங்கள் தெருவை அளந்தாள். அது பாடத்தில் ஒரு பகுதியாம், அவரவர் தெருவின் மேடு பள்ளத்தை அவரவர் அளக்க வேண்டுமாம். தெருமுனையில் மூன்று காலில் ஒரு கருவியை நிறுத்தி இவள் ஒற்றைக் கண்ணால் பார்க்க, இவள் தோழி ஆளைவிட உயரமாக ஒரு அளவுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக நிற்க, தெருவே கூடிவிட்டது. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஒருவர் கிளப்பிவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடிப்போய்த் தன் வாசற்படியில் ஒரு நாற்காலியைப் போட்டு மாமியாரை உட்கார வைத்துவிட்டார், ஆள் உட்கார்ந்திருக்கிற படியை இடிக்க மாட்டார்களாம். அந்த அம்மாள் இருட்டும்வரை அங்கேயேதான் இருந்தார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அளந்து முடித்து வரைபடம் போட்டுப் பார்த்தால், தெருவிலேயே பள்ளமான வாசல் எங்கள் வாசல்தான். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வாசலைவிட நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் கீழே. ஒன்பது வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாத அந்த மனுஷர் இப்போது தினமும் கேட்டில் நின்றுகொண்டு, "என்ன சார், கீழ எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர் வேறு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "இருபது வருஷமா என் வீடு நல்லாத்தானே சார் இருந்துச்சு? உங்க பொண்ணு அதைப் பள்ளத்துல போட்டுட்டா. எப்ப மேல ஏத்தித் தருவா?" என்றார். "அங்கிள், நான் இறக்கல. இறங்கியிருக்கிறதைச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றாள் பாப்பா. "சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றார் அவர். எனக்கும் அதேதான் தோன்றியது. மறுநாளே கட்டிலின் நாலு காலுக்கும் கீழே மும்மூன்று செங்கல் அடுக்கிவிட்டேன். உங்கள் தங்கை ஏறிப் படுப்பதற்கு முக்காலி கேட்கிறாள்.

அடுத்தது மழைமானி. வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மாடியில் ஒன்றை வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு எவ்வளவு மழை பெய்தது என்று பார்த்து எழுத வேண்டும். ஒரு வாரம் பாப்பாவுக்குக் காலையிலேயே தேர்வு. "அப்பா, நீங்க பாத்து எழுதிடுங்க" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் லேசாகத் தூறியிருந்தது. வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று தரையையே பார்த்துக்கொண்டு போனவன், மழைமானியைப் பார்க்கவில்லை. கால் பட்டு உருண்டது, உள்ளே இருந்தது போச்சு. மச்சான், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பெண்ணின் மார்க் என் காலால் போய்விட்டதே என்ற பயத்தில், பக்கத்துக் குழாயிலிருந்து உத்தேசமாக ஒரு குவளை பிடித்து ஊற்றி, அளந்து, அறுபத்திரண்டு மில்லிமீட்டர் என்று எழுதி வைத்துவிட்டேன். ஊரில் மற்ற எல்லா மாடிகளிலும் இரண்டு, மூன்று. இதைப் பார்த்துவிட்டு அவர்கள் துறைப் பேராசிரியை நேரிலேயே வந்துவிட்டார். மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தார், அக்கம்பக்கத்து மாடிகளை எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எப்படி சார் உங்க மாடியில மட்டும் பெஞ்சுது?" இருபத்தாறு வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் நான். 'எப்படி சார் உங்க கடை மட்டும் எரிஞ்சுது?' என்று எத்தனை பேரை வியர்க்க வைத்திருக்கிறேன்! "மேகம் கொஞ்சம் தாழ்வா இருந்துச்சு மேடம்" என்றேன். வாயில் வந்தது அதுதான். பாப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேடம், அப்பா தட்டிவிட்டுட்டு ஊத்தியிருக்காரு. எங்க வீட்டு அளவு இந்த வாரம் முழுசும் வேணாம், அடிச்சுடுங்க" என்றாள். மார்க் போயிற்று. எனக்கு அவமானமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, ஆனால் அது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

இனிதான் விஷயமே. இது கடைசி வருஷம். இருபத்திரண்டு பிள்ளைகளைப் பன்னிரண்டு நாள் ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சுற்றிப் பார்க்க இல்லை மச்சான். போன மழையில் அந்த மலையில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. மிச்சம் இருக்கிற பக்கத்தில் வெடிப்பு விட்டிருக்கிறதாம். இவர்கள் போய் அந்த வெடிப்புகளை அளந்து, இரும்பு முளை அடித்து, முளை நகர்கிறதா என்று தினமும் பார்த்து எழுதப் போகிறார்களாம். நகராவிட்டால் சரி. நகர்ந்தால்? அதையும் பார்த்து எழுதுவார்களாம்! இதற்குப் பெற்றோர் ஒப்புதல் படிவம் ஒன்று வந்திருக்கிறது, பதினைந்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மொத்தம் பதினோரு விதி. நாலாவது விதி, மாணவர்கள் வழுக்குப் பாறையில் நடக்க நேரிடலாம். ஆறாவது, தொலைபேசித் தொடர்பு கிடைக்காமல் போகலாம். ஒன்பதாவது, இயற்கையால் நேரும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. அந்த 'எதற்கும்' என்ற ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று என்னைவிடத் தெரிந்தவன் இந்த ஊரில் கிடையாது.

ஒரு ஃபைலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்கள் தங்கையிடம்கூட. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு மலைச்சரிவு. வீடு போன ஒருவர், இழந்த பொருள்களின் பட்டியலைக் கையாலேயே எழுதி அனுப்பியிருந்தார். பீரோ ஒன்று, ரேடியோ ஒன்று, கட்டில் இரண்டு, பள்ளிக்கூடப் பை ஒன்று. அந்தக் கடைசி வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் 'இது வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அந்த ஃபைலை மூடிவிட்டுக் காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு போட்டேன். இப்போது பாப்பா மலை என்று சொன்னால் எனக்கு அந்தக் கையெழுத்துதான் கண்ணில் நிற்கிறது. எனக்குப் பயம் மச்சான். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், பயம்.

அவளிடம் நல்லபடியாகத்தான் பேசிப் பார்த்தேன். "படிக்க வேற இடமே இல்லையாம்மா? சரியாத மலையா ஒண்ணைப் பாத்துப் படிச்சா ஆகாதா?" என்றேன். "சரியாத மலையில என்னப்பா படிக்கிறது?" என்றாள். "சரியறதைப் பாக்க நீ எதுக்கு? அதுக்குன்னு ஆள் இருப்பாங்கல்ல?" என்றேன். "அந்த ஆளா ஆகறதுக்குத்தான்பா மூணு வருஷமா படிக்கிறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "உங்க ஃபைல் எல்லாம் சரிஞ்சதுக்கு அப்புறம் வருது. நாங்க சரியறதுக்கு முன்னாடி போறோம். கீழ குடியிருக்கிறவங்களை முன்னாடியே எழுப்பிடலாம்ல?" என்றாள். பதில் தெரியாததால் சத்தம் போட்டேன். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். நாலு நாளாக அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சட்டை மாறும்போது அதுவும் மாறுகிறது.

ஆகையால் மச்சான், நீங்கள் உடனே அவளுக்குப் போன் போட வேண்டும். நான் சொன்னால் எதிர்க்கேள்வி, மாமா சொன்னால் வேதவாக்கு. உங்களுக்கு நெஞ்சு வலி, பக்கத்தில் வந்து இரு என்று கூப்பிடுங்கள். வேண்டாம், நெஞ்சு வலி வேண்டாம், சொல்லி வைத்து நிஜமாகவே வந்துவிட்டால்? முழங்கால் வலி என்று சொல்லுங்கள், அது ஏற்கெனவே இருக்கிறது. மலைக்குப் போகாதவர்களுக்கு நூலகத்தில் உட்கார்ந்து பழைய வரைபடத்தையும் புது வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற திட்டம் ஒன்று இருக்கிறதாம். மார்க் குறையும் என்கிறாள். குறையட்டும். நூலகத்தில் அலமாரி சாய்ந்தால்தான் உண்டு, அதையும் நான் முன்னாலேயே போய் ஆட்டிப் பார்த்துவிடுகிறேன். நான் சொல்லித்தான் பேசுகிறீர்கள் என்று மட்டும் தெரியக் கூடாது. நீங்கள் சேர்த்துவிட்ட படிப்பு, நீங்களே ஒரு வழி பண்ணுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவரும் நோய்நொடியில்லாமல், உயரமான இடங்களுக்குப் போகாமல், நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசீர்வாதம். அவர்களில் யாராவது அட்லஸைப் புரட்டினால் நல்ல வார்த்தை சொல்லி வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை நம்பிக் கெட்டாலும் மரியாதை குறையாத,
மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பாப்பா கல்லூரியிலிருந்து வந்தாள். "மேடம்கிட்ட என் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன்பா. நீங்க இங்க பயந்துக்கிட்டு உக்காந்திருந்தா அங்க எனக்கு வேலை ஓடாது. லைப்ரரித் திட்டத்தையே எடுத்துக்கறேன்" என்றாள். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மலைக்கென்று வாங்கியிருந்த கனத்த ஷூவைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, "கடைக்காரர் திருப்பி எடுத்துப்பாருல்ல?" என்று கேட்டாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, நீங்கள் போன் போட வேண்டிய அவசியம்கூட இல்லாமல். நிம்மதியாக மூச்சு விடலாம் என்று அவளைப் பார்த்தேன். என் மேசைக்கு வருகிறவர்களில் பொய்யாக எழுதிக்கொண்டு வருகிறவர்கள்தான் கத்துவார்கள். நிஜமாகவே இழந்தவர்கள் கத்த மாட்டார்கள், காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். என் பெண் என் வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்தாள். படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் மச்சான். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை, எங்கள் ஆபீசாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். அதனால் பக்கத்திலேயே இன்னொன்று போட்டேன், அதுவும் அப்படித்தான் வந்தது. பேராசிரியைக்கு நானே போன் போட்டுப் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். ஆகவே மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதீர்கள். கிழித்துப் போட மனம் வரவில்லை, என் பயத்தை ஒருத்தராவது முழுசாகப் படித்திருக்கட்டும் என்றுதான் அனுப்புகிறேன். பாப்பாவிடம் பேசினால், போய்ட்டு வாம்மா என்று மட்டும் சொல்லுங்கள். பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை. பன்னிரண்டு நாளும் அவள் போன் எடுக்காதாம். அந்தப் பன்னிரண்டு நாளும் சாயங்காலம் நீங்கள் எனக்கு ஒரு போன் போடுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போடுங்கள்.