உறுமிய கிம்ச்சிப் பெட்டி

இந்த வீட்டில் இனி ஒரே ஒரு கிம்ச்சிப் பெட்டிதான். போன அக்டோபரில் அப்படி முடிவெடுத்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா.

முதல் பெட்டி சமையலறையில் இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. கிம்ச்சி என்கிற புளித்த கோஸ் ஊறுகாய்க்கென்று தனிக் குளிர்பெட்டி இல்லாத வீடு எங்கள் உல்சான் நகரில் ஏது? இரண்டாவதுதான் வினை. மகள் மிரான் புதிது வாங்கிக்கொண்டு பழையதை எங்கள் தலையில் கட்டினாள். அது பால்கனியில் வந்து உட்கார்ந்தது. அதுவரை அங்கே இருந்தவை என் கற்கள்.

நாற்பத்தொரு கற்கள். ஆற்றங்கரை ஆற்றங்கரையாகக் குனிந்து பொறுக்கியவை. ஒன்று பனி மூடிய மலை. ஒன்று படுத்திருக்கும் எருது. பார்க்கத் தெரிந்தவனுக்கு. என் மனைவிக்குக் கல் என்றால் கல். அட்டைப்பெட்டிகளில் அள்ளிப்போட்டுக் கட்டிலடியில் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து கட்டிலடியைக் கூட்ட முடியவில்லை என்று தினமும் முணுமுணுப்பு.

நான் கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்து நாலு வருடம் இருந்தவன். என்ஜின் அறையில் எது நடுங்குகிறது, ஏன் நடுங்குகிறது என்று பார்ப்பதே வேலை. நடுக்கத்தை நிறுத்தத் தெரிந்தவனுக்கு உண்டாக்கவும் தெரியும்.

விஷயம் எளிது. எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. ஊஞ்சலைப் பாருங்கள். அதன் போக்கறிந்து விரலால் தள்ளினால் போதும், ஆகாயத்துக்குப் போகும். போக்குத் தப்பினால் தோள் வலிப்பதுதான் மிச்சம். பெட்டியின் மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றும். அதை நான் தொடவில்லை. பெட்டி நிற்கும் பலகைக்கு அடியில் இருந்த கட்டைகளை மட்டும், மனைவி சந்தைக்குப் போன நேரத்தில், பென்சில் கோடு போட்டு, ஒவ்வொரு விரல் அகலமாக நகர்த்தினேன். அப்போது பெட்டி பாதி காலி. கடப்பாரையால் நெம்ப முடிந்தது. நாலாவது விரல் அகலத்தில் பலகையின் ஆட்டமும் மோட்டாரின் வேகமும் ஒன்றாயின. ஜன்னல் கண்ணாடி பேசியது. அலமாரிக் கோப்பைகள் பதில் சொல்லின.

"என்னங்க இது, பெட்டி இப்படி உறுமுது?"

"கிழடாயிடுச்சு. தூக்கிப் போட வேண்டியதுதான்."

"கிழடானதைத் தூக்கிப் போடறதுன்னா, வரிசையில அதுக்கு முன்னாடி ஒரு ஆள் நிக்குது."

மறுநாளே கீழ்வீட்டு யேசோல் அம்மா வந்தாள். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்தால் பழம் கொடுக்க வருவதில்லை.

"அக்கா, எங்க தலைக்கு மேல தேனீக் கூடு கட்டின மாதிரி இருக்கு. எத்தனை நாள் தாங்குறது?"

முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். "தப்புதான்மா. பெட்டியை எடுத்துடறோம்."

"கிம்ஜாங் முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்," என்றாள் மனைவி.

நவம்பரில் கிம்ஜாங், வருடாந்தரக் கிம்ச்சி போடும் வேலை. எண்பது கோஸ். அவள் தங்கைகள் மூன்று பேர். இரண்டு நாள் உப்பு, மிளகாய், என்னைப் பற்றிய பேச்சு. குளிர்காலத்துக்கான கிம்ச்சி முழுவதும் உள்ளே இறங்கியது. பெட்டி அன்றே வாயை மூடிக்கொண்டது.

காரணம் எனக்குத் தெரியும். பாரம் ஏறினால் ஆட்டம் மெதுவாகும், மோட்டாரோடு சேராது. நிறைந்த பெட்டியை எழுபத்திரண்டு வயதில் நெம்ப முடியுமா? பாரத்தைத் தின்று குறைப்பது ஒன்றே வழி. மூன்று வேளையும் தின்றேன். வயிறு எரிய எரிய, "இன்னொரு கிண்ணம் போடு" என்றேன்.

"கல்யாணமாகி நாற்பத்தஞ்சு வருஷம். இப்பத்தான் என் கை ருசி தெரிஞ்சிருக்கு," என்று தங்கையிடம் போனில் சொன்னாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை உறுமல் திரும்பியது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. யேசோல் அம்மாவும் வந்தாள். மனைவி அவளை உட்காரவைத்து பார்லி டீ ஊற்றினாள்.

"எனக்கு ஒண்ணு புரியலைங்க," என்றாள் என்னிடம். "குளிர்காலம் பூரா சத்தமே இல்ல. கிழடுன்னா அப்பவும் கத்தணுமே?"

"நாங்களும் நிம்மதியாத்தான் இருந்தோம்," என்றாள் யேசோல் அம்மா.

வாயை மூடிக்கொண்டு டீ குடித்திருக்கலாம். கேட்டதோ என் தொழிலைப் பற்றி. "அது பாரம். நிறைஞ்சிருந்தப்போ ஆட்டம் மோட்டாரோட சேரல."

"அப்ப பாரம் ஏத்தினா நின்னுடுமா?"

"முப்பது கிலோ ஏத்து. நிக்கும்."

"நிச்சயமாவா, உத்தேசமாவா?"

"உத்தேசம் பேசினா எந்தக் கப்பலும் கரை சேராது. முப்பது கிலோ."

"கேட்டுக்கிட்டியாம்மா?" என்று யேசோல் அம்மாவைப் பார்த்தாள்.

இருவருமாகக் கட்டிலடிப் பெட்டிகளை இழுத்து வந்தார்கள். கிம்ச்சி மேலே மிதக்காமல் கல் வைத்து அமுக்குவது எங்கள் ஊர் வழக்கம்தான். ஏதாவது ஒரு கல். என் கல்லா? சமையல் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். பனிமலை மூன்று கிலோ இருநூறு. எருது நாலரை. கழுவி, வெந்நீர் ஊற்றி, டப்பா டப்பாவாகச் சிவப்புச் சாற்றில் இறக்கினாள். பதினோராவது கல்லில் உறுமல் நின்றது. இருபத்தொன்பது கிலோ. என் கணக்கு சரி. யேசோல் அம்மா கைதட்டினாள்.

கிம்ச்சி குறையக் குறைய மற்ற கற்களும் உள்ளே போகுமாம். பால்கனி மூலையில் வாளியில் போட்டு வைத்தாள்.

யேசோல் அம்மா போனதும் மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கட்டையை நகர்த்துற ஆளு, பலகையில பென்சில் கோடு போட்டா நகர்த்துவாங்க? அக்டோபர்லயே பார்த்துட்டேன்."

"பார்த்தவ, திருப்பி நகர்த்தச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா சத்தம் நின்னிருக்கும். கட்டிலடி காலியாகியிருக்குமா?"