ஒரு ஸ்பூன் போதும்

என் மனைவியிடம் ஒரு பொய் சொல்வது, சொன்ன பொய்யைக் கடைசி வரை காப்பாற்றுவது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முடிவெடுத்தேன். இது எவ்வளவு பெரிய முடிவு என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும். பால் பொங்கி வழிந்ததற்குப் பூனை மேல் பழி போட்டு மாட்டிக்கொண்டவன் நான். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அவளுடைய நுரையீரல் இனித் தேறாது. அடுத்த கோடை வரை எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் கோடையில்தான் நாங்கள் இரண்டு பேரும் மலைப்பாதைக்குக் கிளம்புவதாக இருந்தோம். வீட்டை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாரக்கணக்கில் நடக்கிற பாதை. பை, ஷூ, இரண்டு பேர் படுக்கிற டென்ட் எல்லாம் வாங்கியாகிவிட்டது.

"என்ன சொன்னார்?" என்றாள் வெளியே பெஞ்சில் இருந்தவள்.

"நல்லா ரெஸ்ட் எடுத்தா கோடைக்குள்ள சரியாயிடுமாம். தாராளமா நடக்கலாமாம்."

"அப்ப ட்ரெக்கிங்?"

"போறோம்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்றாள். அவ்வளவு லேசாக முடிந்துவிட்டதில் எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது.

மலை ஆசை அவளுடையது. அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்சல் ஆபீசில் எடை போடுகிற கவுன்ட்டரில் வேலை. உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவன். ஆனால் ஒரு வித்தை உண்டு. பார்சலைக் கையில் வாங்கினாலே எடை சொல்லிவிடுவேன். தராசு எனக்கப்புறம்தான் சொல்லும்.

அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் மலைப்பாதையின் வரைபடம் விரிந்தது. அவள் தலையணையில் சாய்ந்து உத்தரவு போட, நான் ஒவ்வொரு சாமானாகச் சமையல் தராசில் வைத்தேன். நீண்ட நடைக்கு எடைதான் எதிரி என்பது அவள் கட்சி. டூத்பிரஷின் காம்பைப் பாதியாக வெட்டச் சொன்னாள். துண்டைப் பாதியாக்கினாள். என் சட்டைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது.

"ஸ்பூன் எத்தனை?" என்றாள்.

"ரெண்டு."

"ஒரு ஸ்பூன் போதும்."

"ரெண்டு பேரும் ஒரே ஸ்பூன்லயா சாப்பிடறது?"

"ஏன், எச்சின்னு பாக்கறீங்களா? இத்தனை வருஷம் கழிச்சு?"

பையிலிருந்து ஒரு ஸ்பூனை வெளியே எடுத்து வைத்தேன். அதை அவள் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலிருந்து எனக்குப் பயிற்சி. ஆபீஸ் போகும் முன் பையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்து, மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். பையைக் கட்டுவது அவள் வேலை. நான் நின்றால் ஜன்னலிலிருந்து விசில் வரும். தெருவில் நாய்கள் கூட விசிலுக்குப் பயந்து ஓரமாக நடந்தன.

மாடி வீட்டுக்காரர் ரிட்டயர்டான பஸ் டிரைவர். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தினமும் வேடிக்கை பார்ப்பார்.

"என்ன சார், வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"பயிற்சி சார். மலைக்குப் போறோம்."

"துரத்தினவங்க போர்வையும் கொடுத்திருக்காங்களே. நல்ல மனசு."

முதல் வாரம் இடுப்பு என்னுடையதாகவே இல்லை. நாளாக நாளாக விசிலும் மாறியது. முதலில் கணீரென்று வந்தது. பிறகு பாதியில் நின்றது. பிறகு வெறும் காற்று மட்டும் வந்தது. ஒரு நாள் காலை விசிலே வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தாள். நடங்க, நடங்க என்று. நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தேன். கண்ணீர் விட்டால் பொய் போய்விடும்.

அதற்கு அடுத்த வாரமே ஓர் அதிசயம் நடந்தது. பை லேசாக இருந்தது. படிகளில் துள்ளி ஏறினேன்.

"பாத்தியா? உடம்பு இரும்பாயிடுச்சு" என்றேன்.

"ஆமாங்க. ஆளே மாறிட்டீங்க."

"முன்னாடி மூட்டை மாதிரி இழுத்தது. இப்ப பை இருக்கறதே தெரியலை."

"எல்லாம் பழக்கந்தான்" என்றாள் அவள். மாடி வீட்டுக்காரருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

இதற்குள் அவளால் கட்டிலிலிருந்து ஹாலுக்கு வருவதே பெரிய பயணமாகிவிட்டது. எனக்கு இன்னொரு திட்டம் உதித்தது. அவளால் மலைக்கு வர முடியாது. மலையை ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கும்போது டென்ட்டைப் போட்டுவிடுவது. எழுந்ததும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து இரண்டு பேரும் உள்ளே படுத்துக்கொள்வது. மேலே மின்விசிறிதான் சுற்றும். பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டால் காற்றுதானே.

சோபாவை ஓரம் தள்ளினேன். டென்ட் கம்பியைப் பிடித்துக்கொள்ள மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மனுஷர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். "வேண்டாம் சார், பிரிச்சா மறுபடி மடிக்க வராது" என்றார். விடவில்லை, இழுத்து வந்தேன்.

டென்ட் எழுந்தது. உள்ளே தவழ்ந்து போய்ப் படுத்தேன். இரண்டு தோளும் இரண்டு பக்கத் துணியிலும் முட்டின.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் சார். ரெண்டு பேர் டென்ட்டுன்னு சொல்லி ஒரு ஆள் டென்ட்டைத் தலையில கட்டிட்டான். நாளைக்கே போய் உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

தலையை நீட்டிப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைக்காரன் மேல தப்பில்லை சார். டீச்சரம்மாதான் மாத்தினாங்க. நீங்க ஆபீஸ் போன நேரம் நான்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாங்க."

பை லேசானது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. கையில் வாங்கினாலே எடை சொல்கிறவன், டென்ட் மாறியதைத் தன் உடம்பு வலிமை என்று நினைத்துக்கொண்டு துள்ளியிருக்கிறேன்.

படுக்கையறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். மாடி வீட்டுக்காரர் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் டிவி ரிமோட்டை என் கையில கொடுத்தீங்களே. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நான் பிழைக்க மாட்டேன்னு."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் என்னை நடக்க விட்டே?"

"நான் போனப்புறம் நீங்க அந்தச் சேர்லயே உக்காந்துடுவீங்க. எனக்குத் தெரியாதா? அதான் இப்பவே நடக்கப் பழக்கினேன்."

"நான் தனியாப் போகமாட்டேன்."

"போவீங்க. ரெண்டு பேர் டென்ட்டைத் தூக்கிட்டுப் போனா, ராத்திரி பூரா பக்கத்துல காலி இடத்தைத் தடவிக்கிட்டுக் கிடப்பீங்க. எதுக்கு அந்த வெயிட்டு?"

எனக்கு வெளியே வர வெட்கமாக இருந்தது. உள்ளேயே படுத்து அழுதேன். அவள் மெல்ல வந்து தரையில் உட்கார்ந்தாள். ஜிப் இடைவெளியில் கையை நுழைத்து என் தலையைத் தடவினாள். அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வரை அப்படியே இருந்தோம்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

கோடை வந்தது. நான் சேரில்தான் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஜன்னல் கம்பியில் யாரும் தட்டவில்லை. ஆனாலும் கால் தானாக எழுந்து வாசலுக்குப் போனது. ஒரு வாரம் அதனுடன் மல்லுக்கு நின்று பார்த்தேன். பிறகு கிளம்புவது என்று முடிவெடுத்தேன். கூடவே அவளுக்குத் தெரியாமல் ஒரு முடிவு. இந்த ஒரு விஷயத்திலாவது அவளை ஜெயிக்க வேண்டும். காலி இடம் இருந்தால் இருக்கட்டும், அது அவளுடைய இடம். டென்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"இதை எடுத்துக்கிட்டு ரெண்டு பேர் டென்ட் கொடுங்க" என்றேன்.

கடைக்காரர் டென்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பார்சல் ஆபீஸ் சார்தானே நீங்க? வருவீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. என்ன கேட்டாலும் மாத்திக் கொடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க."

அவர் மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேடினார்.

"ரொம்ப அடம்பிடிச்சா மட்டும் இதைக் கொடுக்கச் சொன்னாங்க" என்று என் முன்னால் வைத்தார். அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்த அந்த இன்னொரு ஸ்பூன்.