மேடை கண்ட மாதரசியர்

ஆண்டு சரியாக நினைவில் இல்லை; அது பனி உருகிய ஞாயிறா, உருகாத ஞாயிறா என்பதிலும் சந்தேகம் உண்டு. ஆனால் பெண்ணினத்துக்கு உலகம் இழைத்த அநீதிகள் அனைத்தும் பனிநாட்டு லாசாலில் ஒரு தேவாலயப் பங்கு மண்டபத்தில், ஒரே பிற்பகலில் தீர்த்துவைக்கப்பட்டன என்பதில் சந்தேகமே இல்லை.

"மேடை கண்ட மாதரசியர்" என்ற அந்தப் புகைப்படக் கண்காட்சியை நடத்தியது பதினொரு பேர் கொண்ட குழு. பதினொருவரும் ஆண்கள். பெண்களையும் சேர்த்திருப்பார்கள், அவர்கள் கீழே றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

றெஜினா எண்ணெய்க் கையைத் துடைத்தபடி மேலே வந்தார். சுவரில் பன்னிரண்டு ராணிகள். அந்தக் காலத்து நாட்டுக்கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டியதால், பன்னிரண்டு பேரும் ஆண்கள். ஏழாவது படத்தின் முன் றெஜினா நின்றுவிட்டார். "ராணி: லூக்காஸ். அருகில்: ஓர் அண்ணை" என்று கீழே எழுதியிருந்தது.

அந்த அண்ணை றெஜினாதான். ஐம்பது வருடங்களுக்கு முன் அரசன் வேடக்காரர் அம்மை கண்டு படுத்துவிட, பாட்டு முழுவதும் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் பதினெட்டு வயதில் மீசை ஒட்டி மேடை ஏறியவர். அந்தப் படத்தில் அவரிடமிருந்த பிரதி போர்க்கால இடப்பெயர்வில் போயிற்று.

தலைவர் பத்திநாதரிடம் போனார்.

"பத்தியண்ணை, இந்த அரசன் நான். என்ரை பேரைப் போடுங்கோ."

"பகிடி விடாதையும் பிள்ளை. மீசை இருக்கெல்லே?"

"ஒட்டினது. கடைசிவரைக்கும் அரிச்சது."

பொன்னாடையோடு முன்வரிசையில் இருந்த லூக்காஸ் சாட்சி சொன்னார். "ஓம் ஓம், அவதான். கோவத்திலை நடந்து வரேக்கை என்ரை காலை மிதிச்சவ. பெருவிரல் நகம் கழண்டது."

குழு அவசரமாகக் கூடிக் கலைந்தது. பத்திநாதர் தீர்ப்பை அறிவித்தார்.

"நீர் நடிச்சது உண்மை. ஆனா இது பொம்பிளையளின்ரை கண்காட்சி. நீர் கட்டினது ஆம்பிளை வேசம். விதியிலை இடமில்லை."

"அப்ப லூக்காஸண்ணை?"

"அவர் ராணி. அவருக்குத் தகுதி இருக்கு."

றெஜினா நெடுநேரம் பேசாமல் நின்றார். செயலாளர் அதை "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று குறித்துக்கொண்டார்.

"பக்கத்திலை ஆம்பிளை எண்டு போட்டாலும் பறவாயில்லை, அண்ணை. பேரை எழுதுங்கோ."

"அரசன் பொம்பிளை எண்டு எழுதினா, பேந்து உந்த ராணியள் எல்லாம் ஆரெண்டு சனம் கேக்கத் தொடங்கும்."

பெண்மையின் மாண்பைக் காக்க, சமையலறையிலிருந்து கத்தரிக்கோல் வரவழைக்கப்பட்டது.

லூக்காஸுக்குக் "கூத்துலகத் தாரகை" விருது கிடைத்தது. டொலார்ட் பகுதியிலுள்ள தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். பத்திநாதர் மகளிர் தினக் குழுவுக்கும் தலைவரானார். றெஜினா அதன்பின் றோல்ஸ் பொரிக்க வரவில்லை. படத்தில் அரசன் இல்லை. ராணியின் தோளில் கிடந்த கையை மட்டும் வெட்ட முடியவில்லை. அதற்குக் கீழே குழு ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறது: "கை யாருடையது எனத் தெரியவில்லை."

ஒட்டிய பதினொரு பேருக்கும் தெரியும்.