பச்சை டிரக்கில் போனது யார்

அன்புள்ள ஓபல் அத்தைக்கு, நாஷ்வில்லிலிருந்து டெஸ் எழுதுவது. நான் நலம். நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாயிருக்க வேண்டும்.

இல்லை அத்தை, அந்தப் பாட்டில் ஓடிப்போகிற ஆள் லெஸ்டர் மாமா இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன். எழுதிய மூவரில் நானும் ஒருத்தி. எனக்கே அவ்வளவுதான் தெரியும்.

இங்கே பாட்டு எழுதுவது பல் வைத்தியரிடம் போவது மாதிரி. நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். காலை பதினொன்று. ஜன்னல் இல்லாத அறை. உட்கார்ந்ததும் யாருக்கு என்ன துக்கம் என்று விசாரிப்பார்கள். எனக்கு அன்று துக்கம் எதுவும் இல்லை. வெறுங்கையோடு வந்தவள் என்று நினைப்பார்களே என்று பாட்டுக்கு மாமாவின் டிரக்கைக் கொடுத்தேன். பச்சை. ஒரு விளக்கு எரியாது. கதவைக் கயிற்றால் கட்டியிருக்கும். நம் ஊர்ப்பக்கம் அப்படி ஒன்றுதான் உண்டு என்பது அப்போது உறைக்கவில்லை.

பாட்டில் அந்த ஆள் பெட்ரோல் பங்க் விதவையோடு ஓடுகிறானே, நிஜத்தில் அப்படிப் போனது எங்களோடு எழுதிய கிரேடியின் நாய். பெயர் பூமர். டெக்சாஸில். அந்த அம்மாள் தினமும் சாசேஜ் போட்டாளாம். சொல்லும்போதே கிரேடி அழுதுவிட்டான். ஹாலிஸ்தான் எங்களில் மூத்தவர். "நாய்க்கெல்லாம் ரேடியோவுல எவன் அழுவான்? புருஷன்னு போடு" என்றார்.

"பூமர் அப்படிப்பட்டவன் இல்லீங்க."

"பாட்டுல அப்படிப்பட்டவன்தான்."

புருஷன் ஆயிற்று. சாப்பிடப் போனோம். ஒரு வருஷம் கழித்து யாரோ பாடி, அது முதலிடத்துக்கு வந்துவிட்டது.

ஆகவே, தேவாலயத்தில் டாக்கெட் அம்மாளின் பக்கத்திலிருந்து நீங்கள் எழுந்து போனது அநியாயம். அவர் விதவை, பங்க் வைத்திருக்கிறார், இரண்டும் உண்மை. ஆனால் இது டெக்சாஸ் விஷயம். மாமாவைக் கோழிக்கொட்டகைக்கு அனுப்பியதும் அநியாயம். "நீயான்னு கேட்டேன்டி. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன்" என்று போனில் விம்மினீர்கள். ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் புரியவில்லை. உண்மையை என் கையெழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். அவர் இல்லை, நாய். மாமாவை உள்ளே கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். மனமிருந்தால் டாக்கெட் அம்மாளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

டெஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மாமா தீவனக் கடையிலிருந்து போன் செய்தார்.

"டெஸ்ஸு, உங்க அத்தைக்கு எதையும் எழுதித் தொலைச்சிடாத. முப்பது வருஷமா இந்தக் கடைக்கு வர்றேன். எவனாவது எனக்கு நாற்காலி போட்டிருக்கானா? இப்ப எந்திரிச்சு நிக்கிறானுங்க. டிரக்கோட போட்டோ எடுக்கிறானுங்க. அந்தப் பாட்டுல வர்ற ஆளு நான்தான்னு சொல்லிட்டேன்."

"அத்தை பாவம் இல்லையா?"

மாமா குரலைத் தாழ்த்தினார்.

"என்னை எவளாவது கொத்திட்டுப் போயிடுவாளோன்னு அவ பயந்தது இதான் முதல் தடவை. ஒரு வாரம் குடும்மா."

"கொட்டகையில எப்படி மாமா?"

"குளிருது."

யோசித்தேன். கடிதத்தை ஒரு வாரம் மேசைமேல் வைத்திருந்தேன். இன்று தபாலில் போடுகிறேன்.